வேனுக்கு ஓய்வு கொடுத்த நோட்டீஸ்

"ஹலோ... ஹலோ, அஃப்ஸர் ஜஹான் மேடமா? பன்னெண்டாவதுக்கு இங்கிலீஷ் எடுக்கறவங்கதானே? நான் கோதண்டராமன் பேசறேன் மேடம்... ஐயோ, லோன் இல்லீங்க! ஷூ கம்பெனி. வாலாஜா பக்கத்துல... ஆமா, ஆமா, அதேதான். அங்க எச்.ஆர். மேனேஜர்... கிளாஸ்ல இருக்கீங்களா? ரெண்டே நிமிஷம்... கையில சாக்பீஸா? பரவால்ல, ஃபோன மேஜை மேல வெச்சுட்டே பேசுங்க. எனக்கு ஒண்ணும் இல்ல."

கோதண்டராமன் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். இருபத்திரண்டு வருட சர்வீஸில் எத்தனையோ பேரைப் பேச்சாலேயே வழிக்குக் கொண்டுவந்தவர். ஒரு டீச்சர் எம்மாத்திரம்? மேஜையில் ஒரு விடைத்தாள் கிடந்தது. காலையில் கம்பெனி நோட்டீஸ் போர்டிலிருந்து அவரே பிய்த்துக்கொண்டு வந்தது. மூலைகளில் செலோடேப் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"உங்க ஸ்டூடன்ட் எழிலரசி... நல்லா படிக்கிற பொண்ணா? தெரியுது மேடம், நல்லாவே தெரியுது. அவங்கம்மா சுந்தரி எங்ககிட்டதான் ஷூ தைக்கிற செக்ஷன்ல இருக்குது... நீங்க ரிவிஷன் குடுத்தீங்களாமே. இந்த மெட்டஃபரு, அப்புறம் ஆளைப் பேசி மசிய வைக்கிற டெக்னிக்கு... 'வீட்ல கெடைக்கிற காகிதம் ஏதாவது ஒண்ணுல கண்டுபுடிச்சு எழுதிட்டு வாங்க'ன்னீங்களாமே. ஊர்ல சோப்பு விளம்பரம் இல்லையா மேடம்? இந்தப் பொண்ணு எங்க கம்பெனி நோட்டீஸைப் போட்டு அலசியிருக்குது!"

அந்த நோட்டீஸை எழுதியவர் கோதண்டராமனேதான். திமிரியைத் தாண்டி உள்ளே தள்ளியிருக்கும் ஊர்களுக்கு விடியற்காலையில் போய்ப் பெண்களை ஏற்றிவரும் வேனை நிறுத்திவிடலாம், மூன்று கிலோமீட்டர் நடந்து வந்து மெயின்ரோட்டில் பஸ் பிடிக்கட்டும் என்பது அவருடைய யோசனை. முதலாளி நயீம் அகமது, சண்டை சச்சரவு வராமல் எப்படியாவது செய்துகொள்ளச் சொல்லிவிட்டார். நோட்டீஸை ஒட்டி, சம்மதக் கையெழுத்துக்கு ஒரு தாளையும் தொங்கவிட்டார் கோதண்டராமன். சுந்தரி அதற்குப் பக்கத்தில் மகளின் விடைத்தாளை ஒட்டினாள். அதோடு சரி. ஒரு கையெழுத்தும் விழவில்லை. வெளிநாட்டிலிருந்து ஷூ வாங்குகிற கம்பெனிக்காரர்கள், தொழிலாளிகளை எப்படி நடத்துகிறார்கள் என்று பார்க்கத் திங்கட்கிழமை ஆடிட்டுக்கு வருகிறார்கள்; அதற்குள் கையெழுத்து வேண்டும்.

"படிக்கிறேன், கேளுங்க. அம்மாவுக்குப் புரியணும்னு கீழ தமிழ்லயும் எழுதி வெச்சிருக்குது. 'நாம் அனைவரும் ஒரே குடும்பம்.' இது நான் எழுதனது. அதுக்கு இது இன்னா எழுதியிருக்குது? 'மெட்டஃபர். ஒன்றை இன்னொன்றாகவே சொல்வது. எந்தக் குடும்பத்திலும் பாத்ரூம் போக டோக்கன் வாங்குவதில்லை'... இன்னா மேடம் சத்தம்? சிரிப்பு மாதிரி கேட்டுது... பசங்க அப்படித்தானா? சரி... 'காலை நடை இதயத்துக்கு நல்லதல்லவா?' இதுவும் நான் எழுதனதுதான். 'பதில் எதிர்பார்க்காத கேள்வி. மேனேஜர் காரில் வருகிறார். அவர் இதயத்தை நினைத்தால் கவலையாக இருக்கிறது.' எங்கேர்ந்து மேடம் இவ்ளோ கொழுப்பு?... 'வேனுக்கு ஓய்வு கொடுக்கிறோம்.' அதுக்கு, 'கசப்பு மருந்தைச் சர்க்கரையில் முக்குவது. வேனுக்கு ஓய்வு, காலுக்கு வேலை'... நீங்க வேற பத்துக்கு ஒம்போதரை மார்க் போட்டிருக்கீங்க! அந்த அரை மார்க்கு எதுக்குக் கொறச்சீங்க?... ஸ்பெல்லிங் மிஸ்டேக்கா... ரொம்ப நல்லது மேடம்."

கோபத்தை விழுங்கிக்கொண்டு குரலில் தேன் தடவினார்.

"மேடம், உங்கள மாதிரி ஒரு டீச்சர் இந்த ஜில்லாவுலயே கெடையாது... இன்னா? ஹைபர்போலியா? மிகைப்படுத்தறதுன்னு எடுத்துக்காதீங்க, மனசாரச் சொல்றேன்... நானும் ஏழை வீட்டுப் புள்ளதான். ஆற்காட்டுல கால்ல செருப்பு இல்லாம ஸ்கூலுக்கு நடந்தவன்... அதுவும் லிஸ்ட்ல இருக்குதா? எமோஷனல் அப்பீல்... சரி, சரி, விடுங்க... சுத்துவட்டாரத்துல எல்லா ஸ்கூலும் எங்களோட ஒத்துப்போவுது, நீங்க மட்டும்... பேண்ட்வேகனா? அப்படின்னா?... ஊரே ஏறிடுச்சு நீயும் ஏறுன்னு சொல்றது... நான் வாயே தொறக்கக் கூடாதா மேடம்?"

அவருக்கு வியர்த்தது. பேச்சுத் திறமை என்று இருபத்திரண்டு வருடமாகத் தான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்ததெல்லாம், பாவாடை தாவணி காலத்திலிருந்தே பெண்பிள்ளைகள் பரீட்சைக்கு மனப்பாடம் செய்யும் ஒரு பட்டியல்தானா? ஒவ்வொன்றையும் எடுத்து வீசும்போது அந்த அம்மாள் அதற்குப் பெயர் சொல்லித் திருப்பிக் கொடுக்கிறாளே!

"உங்க ஸ்கூலுக்கு ஒரு ப்ரொஜெக்டர் வாங்கித் தர்றோம்... வேணாமா? ஸ்டாஃப் ரூமுக்கு ரெண்டு கிலோ மக்கன் பேடா? ஆற்காட்டுலருந்து ஃப்ரெஷ்ஷா... அது டெக்னிக் இல்ல, லஞ்சமா? ஸ்வீட் மேடம் அது!... அட, இன்னா பேஜாரா இருக்குது. சரி, நேராவே சொல்றேன். அந்தப் பொண்ணு 'தப்பா எழுதிட்டேன்'னு ஒரு லெட்டர் எழுதிக் குடுக்கணும். இல்லன்னா சுந்தரி திங்கக்கெழமையிலேர்ந்து வேலைக்கு வர வேணாம். இதுக்கு உங்க புக்குல இன்னா பேரு? சொல்லுங்க பாக்கலாம்!"

இதற்கு அந்தப் பட்டியலில் பெயர் இருக்காது. ஜெயித்துவிட்டோம் என்று கோதண்டராமன் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார்.

"ஹலோ?... யாரு?... எழிலரசியா? நீ எப்படிம்மா லைன்ல... கிளாஸ்லருந்தா? மேடத்துகிட்ட குடு... ஸ்பீக்கரா? மேடம், இன்னா மேடம் இது... நானேதான் மேஜை மேல வெக்கச் சொன்னனா... ஆமா, சொன்னேன்... எத்தினி பேரு?... நாப்பத்திரண்டு... அதுல அம்மா எங்க கம்பெனில வேலை செய்யற பொண்ணுங்க... பதினேழா."

ஆடிட்டுக்கு வருகிறவர்கள் தொழிலாளிகளைத் தனித்தனியாகக் கூப்பிட்டு, 'உங்களை யாராவது மிரட்டினார்களா?' என்றுதான் முதலில் கேட்பார்கள். இன்று பொழுது சாய்வதற்குள் அவர் பேச்சு பதினேழு அடுப்படிக்கும் போய்ச் சேர்ந்துவிடும். முதலாளியின் முகம் கண் முன்னால் வந்து நின்றது.

"இன்னாம்மா கேக்கற?... வேன் வருமா வராதா... அது இன்னான்னா கண்ணு, நிர்வாகத்தோட நெலமை... சரி, சரி, நிர்வாகம் வேணாம். ஒரே வார்த்தையிலயா... வரும்."

சொன்ன பிறகு வாய் வெறிச்சென்று இருந்தது. முன்னால் ஒரு அலங்காரமும் இல்லாமல், பின்னால் ஒரு 'ஆனால்' இல்லாமல், அவர் கடைசியாக எப்போது பேசினார் என்று அவருக்கே நினைவில்லை.

"வரும்மா. ஊருக்குள்ளயே வரும். அஞ்சே முக்காலுக்கு... உங்கம்மாவுக்கு ஒண்ணும் ஆவாது. நான் சொன்னது... தப்புதான்... ஆமா, எல்லாருக்கும் கேக்கற மாதிரிதான் சொல்றேன், தப்புதான்... மேடம், நீங்களா? சொல்லுங்க... புது நோட்டீஸா? இப்பவேவா? இதோ, பேனா எடுத்துட்டேன்... 'திங்கள் முதல் வேன் வழக்கம்போல் வரும்.' எழுதிட்டேன்... அவ்ளோதானா? மொட்டையா இருக்குதே மேடம்... கீழ என் கையெழுத்தா? போடறேன், போடறேன்... ஒரே ஒரு வார்த்தை மட்டும் சேத்துக்கறேன். ஆரம்பத்துல, 'நிர்வாகத்தின் பெருங்கருணையால்'னு... ஹலோ?... மேடம்?... ஹலோ?"