பொம்பர்காரனின் நட்சத்திரம்

கிளிநொச்சியிலிருந்து ஸ்கந்தபுரம் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஓர் அம்மாவும் அவரின் ஊர்க்காரர் ஒருவரும் இருந்தார்கள். அந்த அம்மாவின் மடியில் அர்ச்சனைத் தட்டு இருந்தது. பக்கத்தில் இருந்தவர் பேப்பரை விரித்துக் காட்டினார்.

"வெளிநாட்டுச் சண்டை ஒண்டிலை ஜெட்டும் ஜெட்டும் ஆகாயத்திலை அடிபட்டிருக்கு, அக்கா. ஒருத்தன் தனிய நிண்டு மூண்டு பேரைக் கலைச்சிருக்கிறான். வீரன் எண்டால் இவனெல்லே."

"நானும் ஒரு பொம்பர்காரனுக்குத்தான் அர்ச்சனை செய்துபோட்டு வாறன்."

"உங்களுக்கென்ன விசரே? எங்களுக்குக் குண்டு போட வாறவனுக்கோ?"

"வயலுக்கை களை பிடுங்கிக்கொண்டு நிண்டனாங்கள், தம்பி. ஓடி ஒளிக்க ஒரு மரமும் இல்லை. பொம்பரிலை நல்லாப் பதிஞ்சு வந்து பாத்தான். சுத்திக்கொண்டு திரும்பவும் வந்தான். பிறகு குண்டை இரணைமடுக் குளத்துக்கை போட்டிட்டுப் போட்டான்."

"குறி தவறியிருக்கும்."

"ரண்டு தரம் பதிஞ்சு பாத்தவனுக்கோ? உங்கடை வீரனை ஊரே மெச்சும். இவன் திரும்பிப் போய்த் தன்ரை பெரியவனுக்கெல்லே பதில் சொல்லவேணும்."

அவர் பேப்பரை மடித்தார். சற்றுத் தூரம் போனபின் மெதுவாகக் கேட்டார்.

"ஐயர் பேர், நட்சத்திரம் கேட்டிருப்பாரே?"

"ஓம், கேட்டவர். பேர் தெரியாதெண்டன். குண்டு குளத்துக்கை விழுந்த நாள் உத்தரம். அதையே நட்சத்திரமாச் சொன்னன். எங்களுக்கு அவன் பிறந்தது அண்டைக்குத்தானே."