ரொட்டி மணக்காத காலை

ஊருக்கெல்லாம் ரொட்டி சுட்டுக் கொடுத்துவிட்டு, இன்று உப்புக்காற்று உலவும் இந்தக் கடற்கரைத் திடலில், தலைமை நாற்காலியில் தயங்கித் தயங்கி அமர்ந்திருக்கும் என் அன்பு அண்ணன் அவர்களே! அபாயச் சங்கை அமைத்துத் தந்த நகர மன்றத்துப் பெருமக்களே! அலையை அளப்பவர்களே, அலையோடு பிழைப்பவர்களே! முழங்கால் வலியை மறைத்துக்கொண்டு முன்வரிசையில் முறுவலிக்கும் மூத்தோர்களே! மடியில் ஒன்று, தோளில் ஒன்று, மணலில் விளையாட விட்டது ஒன்று என்று வந்திருக்கும் தாய்மார்களே! பள்ளிக்கூடத்தில்தான் என்னிடம் மாட்டினோம், இங்கேயுமா என்று பெருமூச்சு விடும் என் மாணவச் செல்வங்களே! மூன்றாம் வரிசை ஓரத்தில், கைக்கடிகாரத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் என் மனைவியே! அனைவருக்கும் என் ஆழ்ந்த, அகன்ற, அடியாழத்து வணக்கம்!

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். புவியியல் வாத்தியார் மைக்கைப் பிடித்தால் பந்தி ஆறிப்போகும் என்று இந்த ஊரில் ஒரு பேச்சு உண்டு. அது பொய்யில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தையின் பிறந்தநாளுக்குப் போனேன். கேக்கை வெட்டுவதற்குள், இதுதான் மேலோடு, இதுதான் கவசம், இதுதான் கருவம் என்று விளக்க ஆரம்பித்தேன். விளக்கி முடித்துத் திரும்பினால் பிறந்தநாள் குழந்தை தூங்கிப்போயிருந்தது! என்ன செய்வது? எனக்குப் பூமியைப் பற்றிப் பேசினால் பசி தெரியாது.

ஏன் பேசக்கூடாது? நீங்களே சொல்லுங்கள், ஏன் பேசக்கூடாது? நாம் நடப்பது எதன் மேல்? படுப்பது எதன் மேல்? கடைசியில் போய்ச் சேர்வது எதற்குள்? அந்த மண்ணுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று ஒரு நாளாவது கேட்டோமா? வீட்டுக்குக் குடிவருகிறவன்கூடச் சமையலறையை எட்டிப் பார்க்கிறான். நாம் குடியிருக்கும் கோளின் உள்ளறையை எட்டிப் பார்க்க வேண்டாமா?

எட்டிப் பார்க்க முடியாது, அதுதான் வேடிக்கை. மனிதன் தோண்டிய துளைகளிலேயே ஆழமான துளை பன்னிரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். பூமியின் நடு மையமோ ஆறாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டருக்குக் கீழே! அப்படியானால் உள்ளே இருப்பது எப்படித் தெரிந்தது என்று கேட்கிறீர்களா? அண்ணனைக் கேளுங்கள். அடுப்பிலிருந்து ரொட்டியை எடுத்ததும் அவர் என்ன செய்கிறார்? கவிழ்த்துப் பிடித்து அடியில் விரலால் தட்டுகிறார். சத்தத்தைக் கேட்கிறார். "வெந்துடுச்சு" என்கிறார். அறுத்தா பார்த்தார்? இல்லை, தட்டித் தெரிந்துகொண்டார். பூமியை யார் தட்டுவது? பூமியே தன்னைத் தட்டிக்கொள்கிறது, அதற்குப் பெயர்தான் நிலநடுக்கம்!

எங்கோ ஓரிடத்தில் பாறை முறிகிறது. அதிர்வு அலைகள் புறப்பட்டுப் பூமிக்குள் புகுந்து மறுபக்கம் வருகின்றன. ஒரு வகை அலை எதையும் ஊடுருவும். இன்னொரு வகை திரவத்தைக் கண்டால் அங்கேயே அடங்கிவிடும். எந்த ஊருக்கு எந்த அலை வந்தது, எந்த ஊருக்கு வரவில்லை என்று கணக்கிட்டார்கள், கண்டுபிடித்தார்கள்! மேலே நாம் நடமாடும் மெல்லிய மேலோடு. அதன் கீழே, கெட்டியாக இருந்தும் கோடிக்கணக்கான ஆண்டுகளில் மெல்ல மெல்ல நகரும் பாறைக் கவசம். அதற்கும் கீழே உருகிய இரும்புக் கடல். நடுநாயகமாக, சூரியனின் மேற்பரப்பைப் போலக் கொதித்தும், நாலாபுறமும் நெருக்கும் அழுத்தத்தால் உருக முடியாமல் உறைந்து நிற்கும் இரும்பு உருண்டை! கைதட்டுங்கள் ஐயா, எனக்கல்ல, அந்த இரும்புக்கு! அந்த உருகிய இரும்பு ஓடிக்கொண்டிருப்பதால்தான் பூமியைச் சுற்றி ஒரு காந்த வேலி நிற்கிறது, சூரியனிலிருந்து சீறிவரும் துகள்களைத் தள்ளி நிறுத்துகிறது.

"வாத்தியாரே, கடலுக்கு வாங்க!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். வருகிறேன் தம்பி, கடல் எங்கே ஓடிவிடப் போகிறது? ஆ! ஓடும். ஒரு நாள் ஓடியது. அந்தக் கதையைச் சொல்லத்தான் என்னை இங்கே ஏற்றியிருக்கிறார்கள்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் என் அண்ணன் மகளுக்கு, அதோ வலது பக்கம் கைக்குழந்தையோடு உட்கார்ந்து "ஐயோ சித்தப்பா" என்று தலையில் கைவைக்கிறாளே, அவளுக்கு, இந்தத் திடலுக்கு எதிரே இருந்த கடற்கரை மண்டபத்தில் கல்யாணம். வாரம் முழுவதும் திறந்திருக்கும் ரொட்டிக்கடைக்கு அன்று பூட்டு. மாவு பிசைபவர்களிலிருந்து வண்டி ஓட்டுபவர் வரை அத்தனை பேரும் மண்டபத்தில். புறப்படும்போதே வாசலில் என் மனைவி என்னை வழிமறித்தாள்.

"இதோ பாருங்க, இன்னிக்கு ஒரு நாள் அந்த மைக் பக்கமே போகக்கூடாது. பொண்ணு வீட்டு மானம் உங்க கையிலதான் இருக்கு."

"ஒரே ஒரு வார்த்தை, வாழ்த்து மட்டும்..."

"உங்க வாழ்த்து எரிமலையில ஆரம்பிச்சு மேகத்துல முடியும். எனக்குத் தெரியாதா?"

வாயை மூடிக்கொண்டு போனேன்.

இப்போது ஒன்று சொல்ல வேண்டும். ரொட்டிக்கடைக்கு அடுத்த சுவர் என்ன? நிலநடுக்கப் பதிவு நிலையம். ஒரே சுவர், இரண்டு பிழைப்பு! அங்கே வேலை பார்ப்பவன் என்னோடு படித்தவன். ஊசியையே பார்த்துக்கொண்டிருப்பதால் ஊருக்கே அவன் ஊசி. அண்ணன் கடையில் காலையில் மாவு பிசையும் இயந்திரம் ஓடத் தொடங்கினால், இந்தப் பக்கம் கருவியின் ஊசி ஆடும், எச்சரிக்கை மணி அலறும். தினமும் அலறினால் காது என்னாவது? அதனால் பிசையும் நேரத்துக்கு மணியை நிறுத்திவைப்பது அந்த நிலையத்தின் வழக்கமாகிவிட்டது. ஊசி ஆடினால், "அடுத்த வீட்டுல மாவு பிசையறாங்க". அவ்வளவுதான். பூமியின் பேச்சையும் பிசைமாவின் பேச்சையும் பிரித்துக் கேட்க வேண்டிய இடத்தில், இரண்டையும் சேர்த்து வாயை அடைத்துவிட்டார்கள்!

கல்யாணக் காலை. பழக்கதோஷம், மணியை நிறுத்தினான் ஊசி. ஊசி ஆடியது. திரும்பிப் பார்த்தான், தலையாட்டினான், கல்யாணத்துக்குப் போட வேண்டிய சட்டைக்கு இஸ்திரி போட்டான். பாதிச் சட்டையில் கை நின்றது. மூச்சை இழுத்தான். மறுபடி இழுத்தான். என்னமோ குறைகிறது! அவன் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டபோது நான் மண்டபத்து வாசலில் கையில் சந்தனக் கிண்ணம் இல்லாத குறையாக நின்று வருகிறவர்களையெல்லாம் வரவேற்றுக்கொண்டிருந்தேன்.

"டேய், உங்க அண்ணன் கடையில ரொட்டி வாசனையே வரலடா!"

"எப்படிடா வரும்? கடை பூட்டியிருக்கு. கடையே இங்க கல்யாணத்துல இருக்கு. இதுக்கா போன் பண்ணின?"

எதிர்முனையில் இஸ்திரிப்பெட்டியைக் கீழே வைக்கும் சத்தம். பிறகு மெல்லக் கேட்டான்.

"அப்போ ஊசி எதுக்குடா ஆடுது?"

ஐயா! அம்மா! அந்த ஒரு கேள்வியில் எனக்கு எல்லாம் விளங்கிப் போயிற்று. கண்ணுக்கெட்டாத தூரத்தில், கடலடித் தரையில், நகம் வளரும் வேகத்தில் நகரும் இரண்டு பெருந்தட்டுகள் காலங்காலமாகச் சிக்கிக்கொண்டு கிடந்தவை, அன்று திமிறிவிட்டன. தரை எகிறினால் மேலே இருக்கும் தண்ணீர் எங்கே போகும்? பக்கவாட்டில் பாயும்! நடுக்கடலில் விமான வேகம், ஆனால் உயரமே இருக்காது, கப்பலில் இருப்பவனுக்குத் தன் அடியில் போவதுகூடத் தெரியாது. கரைக்கு வர வர ஆழம் குறையும், வேகம் குறையும், பின்னால் வரும் தண்ணீர் முன்னால் போவதன் மேல் ஏறும், ஏறும், எழுந்து நிற்கும்! துறைமுகத்துக்குச் சொல்லிவிட்டேன், நீ மண்டபத்தைக் காலி பண்ணு என்றான் ஊசி. திரும்பிப் பார்த்தேன். மண்டபம் நிறைய மனிதர்கள். ஜன்னலுக்கு வெளியே கடல், ஒன்றும் தெரியாததுபோல.

ஓடினேன். மைக்கைப் பிடித்தேன்.

"எல்லாரும் எழுந்திருங்க. மலைரோட்டுக்கு ஏறுங்க. கடல் வருது."

என்ன நடந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? எழுந்தார்களா? ஏறினார்களா? கைதட்டினார்கள்! "சித்தப்பா ஆரம்பிச்சுட்டாரு!" என்று ஒரு விசில். "உங்க தம்பி பெரிய தமாஷ்காரர் சம்பந்தி!" என்று மாப்பிள்ளையின் அப்பா அண்ணனின் முதுகில் தட்டினார். வாழ்நாள் முழுவதும் கடலைப் பற்றிக் கத்தியவன் நான். கடலே வருகிறது என்று கத்தினால் கேட்பாரில்லை! மைக்கை மேசைமேல் போட்டுவிட்டு, கையில் கிடைத்த ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தேன்.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது. மைக்கில் என் மனைவி! வீட்டில்கூட உரக்கப் பேசாதவள். மூச்சிரைத்தது.

"எல்லாரும் சிரிக்கறதை நிறுத்துங்க! நான் இவரோட குடும்பம் நடத்தறவ. மைக்கைப் பிடிச்சு மூணு வாக்கியத்துல இறங்கி இவரை நான் பார்த்ததே இல்ல. இவரே பேச்சை நிறுத்திட்டாருன்னா அது நிஜம். எழுந்திருங்க!"

சிரிப்பு அடங்கியது. மணப்பெண் முதலில் எழுந்தாள். செருப்பை ஒரு கையிலும் மாப்பிள்ளையை மறு கையிலும் பிடித்துக்கொண்டு ஓடினாள். மணப்பெண்ணே ஓடினால் விருந்தாளி உட்காருவானா? நாற்காலிகள் கவிழ்ந்தன. மாவு தூக்கிப் பழகிய தோள்கள் நடக்கமுடியாதவர்களைத் தூக்கின. சமையல்காரர் கரண்டியோடு வந்தார், வாத்தியக்காரர்கள் வாத்தியத்தோடு வந்தார்கள், மலைரோட்டு வளைவில் திரும்பிப் பார்த்தோம். கடலைக் காணோம்! உள்வாங்கிப் போயிருந்தது. படகுகள் சேற்றில் சாய்ந்து கிடந்தன, மீன்கள் துடித்தன. அதன் பிறகு அது திரும்பி வந்தது. வந்த வேகத்தைச் சொல்ல மாட்டேன், பார்த்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். மண்டபம் போயிற்று. மனிதர் ஒருவர்கூடப் போகவில்லை! மேலே பேருந்து நிறுத்தத்துத் தகரக்கூரையின் கீழ் கல்யாணம் நடந்தது. அன்று வந்த பேருந்து, கல்யாணம் முடியும்வரை காத்து நின்றது. அண்ணன் என் மனைவியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதார்.

ஊசியும் அன்று அங்கே அழுதான், "ஒரு மணியை நான் நிறுத்திவெச்சேனே" என்று. அந்த மணிக்குப் பதிலாக வந்ததுதான் இந்தச் சங்கு. இதை யாரும் நிறுத்திவைக்க முடியாது. ரொட்டிக்கடையையும் அண்ணன் மனமுவந்து நான்கு தெரு தள்ளி மாற்றிவிட்டார்.

ஆனால், அன்புடையீர், சங்கு ஊதினால் போதுமா? கால்கள் எழ வேண்டாமா? அன்று ஒரு மண்டபமே சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் மறக்கவில்லை. ஆகவே இன்று ஒத்திகை. விசை அண்ணன் கையில் இருக்கிறது. என் பேச்சின் மிகச் சுவையான இடத்தில் அழுத்தச் சொல்லியிருக்கிறேன். மேடைப் பேச்சாளன் எவனும் கேட்காத ஒன்றைக் கேட்கிறேன்: சங்கு ஊதியதும் என்னை மதிக்காதீர்கள்! வாக்கியம் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்! எழுந்து, முதுகைக் காட்டி, மலைரோட்டுக்கு நடங்கள்!

அதுவரை வளிமண்டலம். ஆதியில் இந்தப் பூமிக்கு இந்தக் கடல் ஏது, இந்தக் காற்று ஏது? பாறையின் வயிற்றிலிருந்து எரிமலைகள் கக்கிய ஆவியில் பெரும்பங்கு மழையாகிக் கடலானது, மிச்சம் வானில் தங்கியது. பச்சைப் பயிர்கள் அதில் உயிர்க்காற்றைக் கலந்தன. இங்கிருந்து அடுத்த ஊர் தூரம் நேரே மேலே போய்ப் பாருங்கள், மூச்சுவிடக் காற்று போதாது! அத்தனை மெல்லிய போர்வை அது. கீழே கொதிக்கும் இரும்பு, மேலே மெல்லிய காற்று, இரண்டுக்கும் நடுவே ரொட்டியின் மேலோட்டில் ஒட்டிய எள்ளாக நாம். இந்த எள்ளுக்குள் இருக்கும் அறிவு இருக்கிறதே, அதன் பெருமையை ஒரு...

ஊதிவிட்டார்! அண்ணன் அழுத்திவிட்டார்!

எழுங்கள்! தள்ள வேண்டாம், அம்மா, மணலில் விளையாடும் பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள்! பெரியவருக்குத் தோள் கொடு தம்பி! நகர மன்றத்தாருக்கு நன்றி! ஊசிக்கு நன்றி! அண்ணா, நீங்களும்தான், தலைமை என்று உட்கார்ந்திருக்காதீர்கள்! போங்கள், போங்கள்... அடடா! முன்வரிசை காலி! நடுவரிசை காலி! இத்தனை ஆண்டுகள் பேசியிருக்கிறேன், இப்படி ஓர் அரங்கத்தை நான் கண்டதில்லை! காலி நாற்காலிகளே, உங்களுக்கு என் நெஞ்சு நிறைந்த நன்றி! மலையேறும் மக்களே, உங்கள் முதுகுகளுக்கு என் வணக்கம்!

மூன்றாம் வரிசையில் மட்டும் ஒருத்தி கைக்கடிகாரத்தைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். இதோ வந்துவிட்டேன்மா, மைக்கை வைத்துவிட்டேன்.