ஊசியின் குளிர் போகும்வரை

மேடையில இருக்கிற மூட்டுவாத நண்பர்கள் குழுத் தலைவர் சேக் தாவூது மாமா அவர்களே, வேலை முடிஞ்ச கையோட இந்தத் தேக்கா மண்டபத்துக்கு வந்திருக்கிற உங்க எல்லாருக்கும் அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம்.

நான் ரமீஸ். உங்களுக்கு ஊசி மருந்து குடுத்த மருந்தாளர் அஃப்னாவோட கணவன். மூளையில ரத்தக்குழாய் வெடிச்சு அவ போயிட்டா. அழுகை வரும்னு கைக்குட்டை கொண்டு வந்தேன். வரல.

கூட்டம் தொடங்குறப்ப சாமுண்டீஸ்வரி அக்கா குளிர்ப் பையிலேர்ந்து ஒரு ஊசியை எடுத்து இந்த மேசையில வச்சாங்க. ஏன்னு பாக்குறீங்க. சொல்றேன்.

துவாஸ்ல நான் வேலை பாக்குற தொழிற்சாலையிலதான் நீங்க போட்டுக்கிட்டிருந்த பழைய ஊசி மருந்து தயாராகுது. அதோட காப்புரிமை முடிஞ்சதும் மத்த கம்பெனிகளும் அதே மாதிரி மருந்து கொண்டு வந்தாங்க. மாத்திரைன்னா அப்படியே நகல் எடுக்கலாம். இது உயிரணுவுல வளர்ற மருந்து. ரொம்ப நெருக்கமா வரும், அச்சு அசலா வராது. வீட்டுல இதைச் சொல்லிப் பெருமை பேசினேன்.

அவ சிரிச்சா. "மச்சான், உங்க மருந்தே போன தடவை மாதிரி இந்தத் தடவை வருதா?"

ஒத்துக்கிட்டேன். வராது! ஒரு எல்லைக்குள்ள இருக்கும், அவ்வளவுதான். புது மருந்தையும் அசலோட ஒப்பிட்டுப் பாத்துத்தான் அனுமதி குடுக்குறாங்க.

சேக் தாவூது மாமா நம்பல. புது ஊசி போட்ட அன்னிக்கே அவகிட்ட வந்தாங்க. "என்னம்மா, போலியைக் குடுத்துட்டியா? தேள் கொட்டின மாதிரி எரியுது!"

"முன்னாடி ஊசியை யாரு மாமா எடுத்துத் தருவா?"

"மகதான். எடுத்து வச்சிட்டுத் தொழப் போவா, வந்து போட்டு விடுவா. இப்பத்தான் கட்டிக்கிட்டு ஈசூன் போயிட்டாளே."

"மாமா! பிரிட்ஜ்லேர்ந்து எடுத்த கையோட குத்திக்கிட்டீங்களா?"

மாமா, நீங்க சிரிக்கலாம். பழைய மருந்தோட குளிரு மக தொழுது முடிக்கிறதுக்குள்ள போயிருக்கு. குளிரோட குத்தினா எந்த ஊசியும் எரியும், கெட்ட பேரு புது மருந்துக்கு.

அன்னிலேர்ந்து அஃப்னாவோட முறை அதுதான். எடுத்து வச்சிட்டுத் தொழுங்க. எடுத்து வச்சிட்டு விளக்கேத்துங்க. யாருக்கு முதல் புது ஊசின்னாலும் அவளே போய் உக்காருவா. எதிர்ல இல்ல, பக்கத்துல.

அது சின்ன வேலையா? காப்புரிமை முடிஞ்சா போட்டி தானா வந்துடுமா? நீங்க பயந்து பழசுக்கே திரும்பினா டாக்டருங்க பழசையே எழுதுவாங்க. விக்காத ஊருக்குப் புதுக் கம்பெனி ஏன் வரணும்? இறங்கின விலை மறுபடி ஏறும். கட்டுப்படியாகாம ஊசியை விட்டவங்களுக்கு விரல் மறுபடி மடங்கும். பழைய மருந்துல சம்பளம் வாங்குறவன், நான் சொல்றேன்.

சாமுண்டீஸ்வரி அக்காவுக்கு இன்னிக்குத்தான் முதல் புது ஊசி. அஃப்னா வர்றதா இருந்துச்சு. "அஃப்னா பாப்பா இல்லாம நான் போட மாட்டேன்லா தம்பி, கை மடங்கினா மடங்கட்டும்"னாங்க நேத்து. எனக்கு ஆறுதல் சொல்லத் தெரியல. இங்க எடுத்துட்டு வாங்கன்னு மட்டும் சொன்னேன்.

இனி அவ உக்காந்த இடத்துல நான் உக்காருவேன். ஈசூனோ, புக்கிட் பாத்தோக்கோ, கூப்பிடுங்க. அவ மாதிரி பேச வராது. பக்கத்துல இருப்பேன்.

அக்கா, ஊசியைத் தொட்டுப் பாத்துட்டேன். குளிர் போயிடுச்சு. எடுத்துக்கிட்டுக் கீழ வர்றேன். அக்கா பக்கத்துல இருக்கிறவங்க அந்த நாற்காலியைக் கொஞ்சம் விடுங்க.