உருண்டைக் குச்சி

கொய்யாவின் இளங்குச்சியை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து உருட்டிப் பாருங்கள், இன்ஸ்பெக்டர் மேடம். நாட்டுக் கொய்யா என்றால் உருளாது. நாலு விளிம்பும் விரலில் இடறும். அதற்கு நெருங்கிய சொந்தம் இன்னொன்று உண்டு, புளிப்புக் கொய்யா என்போம். பார்வைக்கு மரமும் இலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதன் குச்சி மட்டும் உருண்டையாக இருக்கும்.

என் அக்கா ஜானு தாவரவியல் பேராசிரியை. நான் அதே கல்லூரியில் செடிகளைக் காயவைத்து அட்டையில் ஒட்டியவள். அவள் செடியின் பெயரைச் சொல்வாள், நான் ஒட்டுவேன். ஓய்வுபெற்ற பிறகும் இந்த மயிலாப்பூர் வீட்டில் அதே கதைதான். குழம்பில் உப்பு போதுமா என்பதிலிருந்து எனக்கு வந்திருப்பது என்ன தலைவலி என்பது வரை அவள்தான் தீர்மானிப்பாள். எனக்குக் கோபமெல்லாம் இல்லை, மேடம். அலுத்துவிட்டது.

கொல்லைக் கொய்யா காய்த்ததே இல்லை. பக்கத்து அடுக்குமாடி வெயிலை மறைத்துவிட்டது. நாட்டுக் கொய்யா என்றே எல்லோரும் நினைத்திருந்தோம். போன தையில் அடிமரத்தில் துளிர்த்த குச்சியைக் கிள்ளி உருட்டினேன். உருண்டது. சென்னையில் தானாக முளைத்த புளிப்புக் கொய்யாவை யாரும் பதிவு செய்ததாகத் தெரியவில்லை. கட்டுரை எழுதி ஒரு தாவரவியல் இதழுக்கு அனுப்பினேன், ஏற்றுக்கொண்டார்கள். இத்தனை வயதுக்குப் பிறகு என் பெயர் தனியாக அச்சில் வரப்போகிறது என்று இரண்டு நாள் தூக்கமே வரவில்லை.

அக்கா வாழ்த்தவில்லை. "கீழ துளிர்த்ததை மட்டும் பாத்துட்டு முடிவு பண்ணலாமோடி? மேல் கிளையைப் பாக்க வேண்டாமோ?" என்றாள். சித்திரை மாத மத்தியானம். ஏணியைச் சாத்தச் சொல்லி, கவையில் ஏறி உட்கார்ந்து, ஒரு குச்சியைக் கிள்ளி உருட்டினாள். சிரித்தாள்.

"வைஜு, இது ஒட்டு மரம்டி. கீழ உன்னோட புளிப்புக் கொய்யா, மேல நாட்டுக் கொய்யா. அப்பா நர்சரியிலேர்ந்து வாங்கிண்டு வந்து நட்டிருக்கார், நீ தானா முளைச்சதுன்னு எழுதியிருக்கே. நாளைக்கே அவாளுக்கு நான் சொல்லிடறேன்."

அவள் சொன்னது சரி. அவள் எப்போதும் சரிதான்.

எனக்கு மழை வரும்போலத் தோன்றியது. மர ஏணி, நனைந்தால் ஊறிப்போகும். எடுத்து உள்ளே வைத்தேன். சித்திரையில் ஏது மழை என்பீர்கள். எனக்கு அப்படித் தோன்றியது. பிறகு காபிக்கு டிகாக்‌ஷன் போட்டேன். அவள் கூப்பிட்டது கேட்டது. முதலில் அதட்டல். தானே இறங்கப் பார்த்துக் கிளையில் தொங்கியிருக்கிறாள். அப்புறம், "வைஜு, கை நழுவறதுடி" என்று ஒரு குரல். அக்காவிடமிருந்து அப்படியொரு குரலை நான் கேட்டதே இல்லை. அடுக்களையிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கிளைக்கு நேர் கீழே துவைக்கிற கல் இருப்பது எனக்குத் தெரியும்.

கிளை முறிந்து விழுந்தாள் என்றேன். எல்லோரும் நம்பினார்கள். இன்றைக்கு நீங்கள்தான் அன்று எடுத்த போட்டோவைக் காட்டி, "எங்க வீட்லயும் கொய்யா இருந்துச்சும்மா. அது வளையும், முறியாது. இதுல முறிஞ்ச கிளை எங்க?" என்று கேட்டீர்கள். முறிவது முருங்கை. செடிகளோடு காலம் தள்ளியவள் இந்தப் பொய்யைச் சொல்லியிருக்கக் கூடாது.

ராசியில்லாத மரம் என்று அக்கம்பக்கத்தில் சொன்னதால் ஒட்டுக்குக் கீழே வெட்டச் சொல்லிவிட்டேன். இந்த மழைக்கு அடிக்கட்டை துளிர்த்திருக்கிறது. கிளம்பும் முன் ஒரு நிமிஷம் கொல்லைக்கு வாருங்கள், ஒன்றைக் கிள்ளி நீங்களே உருட்டிப் பாருங்கள். அத்தனையும் உருண்டைக் குச்சி. அக்கா மட்டும் கொஞ்சம் பொறுத்திருந்தால், நான் எழுதியது சரி என்று அவளே ஒப்புக்கொண்டிருப்பாள்.