கேட்டைப் பூட்டின மேடம்

மெதுவாம்மா, மெதுவா பிரிங்க. இழுத்தா கையோட வந்துடும், துணி அவ்வளவு நைஞ்சு கெடக்கு. ஆமா, இதேதான். லைப்ரரி படிக்கட்டுல நாங்க கட்டின பேனர். சிரிக்கறீங்க பாத்தீங்களா, எதுக்குன்னு எனக்குத் தெரியும். படிக்க விடுங்கள்னு எழுதணும், நடுவுல இக்கன்னாவைக் காணோம். எழுதினது என் ரூம்மேட் நெட்டை. அவ தமிழ் இலக்கியம் படிச்சவ வேற. பசங்க அதைச் சொல்லிச் சொல்லியே எங்க உயிரை வாங்கினாங்க.

ரெக்கார்டரா? இருங்க, அதுக்கென்ன அவசரம். முதல்ல தண்ணி குடிங்க.

எங்க மாணவர் சங்கத் தலைவர், சவுண்டுன்னு கூப்பிடுவோம், அவர் பேசினதை உங்க ஆவணக் காப்பகத்துல போட்டிருக்கீங்களே, கேட்டேன். நல்லாத்தான் பேசறார். ஹாஸ்டல் கேட்டை உடைச்சு எங்களை வெளியில கூட்டிட்டு வந்தாராம். அட, அவர் வந்து சேர்றதுக்குள்ள நாங்க படியில உக்காந்து உக்காந்து கால் மரத்துப் போச்சு. வந்த மனுஷன் நெட்டை கையில இருந்த மைக்கை வாங்கினார். இன்னும் திருப்பித் தரல.

விஷயம் சின்னதுதாம்மா. பொழுது சாயறப்பவே எங்க ஹாஸ்டல் கேட்டைப் பூட்டிடுவாங்க. லைப்ரரி அதுக்கப்புறமும் திறந்திருக்கும், பசங்களுக்கு மட்டும். பரீட்சைக்கு வேண்டிய புக்கெல்லாம் அங்கதான், வெளிய தர மாட்டாங்க. மனு கொடுத்தோம், பத்திரமா வாங்கி வெச்சுக்கிட்டாங்க. சரி, லைப்ரரி வாசல்லயே உக்காந்துடலாம்னு முடிவு பண்ணோம். எப்படியோ ஆபீசுக்குத் தெரிஞ்சு போச்சு. அன்னைக்கு மத்தியானமே கேட்டைப் பூட்டணும், ஒரு பொண்ணு வெளிய போகக்கூடாதுன்னு வார்டனுக்கு ஆர்டர் வந்துடுச்சு.

ஆமா, அந்தப் பூட்டு மேடம்தான். சவுண்டு ராட்சசின்னு சொன்னாரே, அவங்களேதான். பூட்டினாங்க. பெரிய பூட்டா போட்டு, இழுத்துப் பாத்து, சாவியைக் கொண்டுபோய் ஆபீஸ்லயே கொடுத்துட்டு வந்தாங்க. ஆனா சமையல்கட்டுப் பின்கதவைப் பத்தி ஆர்டர்ல ஒண்ணும் இல்ல பாருங்க. அது பாட்டுக்குத் திறந்து கெடந்துச்சு. நாங்க என்னமோ கோட்டையையே பிடிச்ச மாதிரி, செருப்பைக் கையில வெச்சுக்கிட்டு, ஒருத்தி பின்னால ஒருத்தியா அந்த வழியா போனோம். சமையக்காரம்மா நிமிர்ந்துகூடப் பாக்கல. அப்பவும் எங்களுக்கு உறைக்கல. எங்க சாமர்த்தியத்தை நாங்களே மெச்சிக்கிட்டோம்.

துணியா? அது வார்டன் ரூம் ஜன்னல் திரை. திருடலம்மா. ஓரத்தைப் பாருங்க, மடிச்சுத் தெச்சு, கயிறு கோக்க ரெண்டு பக்கமும் கண் வெச்சிருக்கு. நெட்டைக்கு ஊசியில நூல் கோக்கவே வராது, எனக்கும்தான். ஹாஸ்டல்லயே தையல் மெஷின் இருந்தது வார்டன் ரூம்ல மட்டும்தான். துவைச்ச துணியோட துணியா இது எங்க கட்டில் மேல இருந்துச்சு. எப்படி வந்துச்சுன்னு நெட்டை கேட்டா, நான் முழிச்சேன்.

கடைசியில கேட்டது கிடைச்சுது. லைப்ரரி எங்களுக்கும் திறந்துச்சு. அப்புறம் விசாரணை வெச்சாங்க. கேட்டை ஒழுங்காப் பூட்டினேன், சாவி உங்ககிட்டதானே இருக்குன்னு மேடம் சொன்னாங்க. அதோட வேலையை விட்டு அனுப்பிட்டாங்க. பெட்டியோட அவங்க வெளிய போறப்ப ஹாஸ்டலே கை தட்டுச்சு. நானும் தட்டினேன். தட்டியே ஆகணும்னு மேடம் உத்தரவு. நான் மட்டும் சும்மா நின்னா எல்லாரும் கண்டுபிடிச்சிடுவாங்களாம்.

எதைன்னு கேக்கறீங்களா? வார்டனோட சொந்தக்காரங்க யாரும் ஹாஸ்டல்ல தங்கக்கூடாதுன்னு ரூல் இருந்துச்சும்மா. அங்க இருந்த வரைக்கும் எங்கம்மாவை நான் மேடம்னுதான் கூப்பிட்டேன். லீவுக்கு வீட்டுக்குப் போனாலும் வாயில அதான் வரும்.

சவுண்டு பேசினதை அவங்களும் கேட்டாங்க, முழுசா. கேட்டுட்டு, அந்தப் பையனுக்குக் கொடுத்த நேரத்தை எனக்கும் கொடுப்பாங்களான்னாங்க. அதான் பேனரை நான் கொண்டுவந்து தராம உங்களை இங்க வரச் சொன்னேன். உங்க ஆபீஸ் படியெல்லாம் அவங்களால ஏற முடியாது. உள் ரூம்ல இருக்காங்க, காலையிலேயே தலை வாரி, புடவை மாத்தி ரெடி. வாங்க, ரெக்கார்டரை எடுத்துக்கங்க. காது நல்லாவே கேக்கும், நீங்க கத்த வேண்டாம்.