வெள்ளியின் சத்தம்

சாயங்காலம் ஏழே கால் மணி. கெடாவில் சுங்கை லாலாங் பக்கம், இரண்டு புறமும் செம்பனை நிற்கும் ஒரு மண் சாலை. அதன் கடைசியில் பழைய தோட்டத்து இடுகாடு... அங்கே மூன்று பேர்.

போன வருஷம் நடந்தது. நம் நண்பர் காளிதாசனின் மச்சான் சசிதரனுக்கு. அவர் மெர்கோங்கில் ஏர்கோன் பழுது பார்ப்பவர். லீவு நாளில் மெட்டல் டிடெக்டரோடு கடற்கரைக்குப் போய், யாராவது தொலைத்த மோதிரத்தைத் தேடிக் கொடுப்பார்.

அன்று அவரைக் கூப்பிட்டது வயதான ஒரு தம்பதி. பரஞ்சோதி, யோகேஸ்வரி. அந்தத் தோட்டம் ரப்பராக இருந்த காலத்தில் அங்கே பால் வெட்டியவர்கள். ஒரே மகள் திலகா, ஐந்து வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். முப்பத்தோரு வருஷம். இப்போது நிலம் கைமாறிவிட்டது. திங்கட்கிழமை புல்டோசர் வருகிறது. அதற்குள் எலும்பை எடுத்து வேறிடத்தில் அடக்கம் செய்யவேண்டும். ஆனால் எது அவள் குழி? அடையாளத்துக்கு நட்ட கட்டையைக் கறையான் தின்றுவிட்டது. லாலாங் புல் இடுப்பளவு.

"காலுல வெள்ளிக் கொலுசு போட்டுத்தான் அனுப்பினேன் தம்பி," என்றார் யோகேஸ்வரி. "அத வச்சி கண்டுபிடிச்சிடலாம்லா?"

"முடியும்க்கா. வெள்ளிக்குத் தனிச் சத்தம்."

சசிதரன் டிடெக்டரின் திரையைப் பார்ப்பதே இல்லை. காதுதான். இரும்பு என்றால் தவளை மாதிரி அடித்தொண்டையில் கரகரக்கும். டின் மூடி நடுக்குரலில் இழுக்கும். வெள்ளி அப்படியில்லை... உச்சத்தில், சுத்தமாக ஒலிக்கும். இடமிருந்து வீசினாலும் வலமிருந்து வீசினாலும் ஒரே மாதிரி.

நான்கு மணியிலிருந்து புல்லை மிதித்துச் சாய்த்து, டிடெக்டரை வீசிக்கொண்டிருந்தார். கர்ர்... கர்ர்... துருப்பிடித்த ஆணி. பால் கோப்பைக் கம்பி. அவ்வளவுதான்.

வெளிச்சம் போகவும் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டு, டிடெக்டரைத் தரையில் வைத்தார். "அக்கா... இங்க வெள்ளியே இல்ல."

யோகேஸ்வரி அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். "திலகா... எங்கம்மா இருக்க?"

அதைக் கேட்டதும் பரஞ்சோதி உடைந்து போனார்.

"தேடாத தம்பி. இருக்காது. பொம்பளைங்க யாரும் குழி வரைக்கும் வரல. மூடறதுக்கு முன்னால நான்தான் கழட்டினேன். அவ ஞாபகமா ஒண்ணாச்சும் இருக்கட்டும்னு... சட்டைப் பையில போட்டுக்கிட்டு நடந்தா, அவ பின்னாலயே வர்ற மாதிரி சத்தம். தாங்க முடியல. பதினாறாம் நாள் காரியத்துக்குக் கோலா கெடா போனப்ப கடல்ல வீசிட்டேன்."

யோகேஸ்வரி திட்டவில்லை. அழவுமில்லை. ஒன்றுதான் கேட்டார்.

"வெறுங்காலோடயா அனுப்பினீங்க?"

அப்போதுதான்... கழுத்தில் கிடந்த ஹெட்போன் ஒலித்தது.

உச்சத்தில். சுத்தமாக.

டிடெக்டரை யாரும் தொடவில்லை. யோகேஸ்வரியின் முழங்காலுக்கு முன்னால் அது கிடந்தது. சசிதரன் எடுத்து இடமிருந்து வீசினார். வலமிருந்து வீசினார். ஒரே மாதிரி.

பரஞ்சோதி கையாலேயே தோண்டினார். முழங்கை ஆழத்துக்கும் கீழே போனபோது, ஈர மண்ணிலிருந்து குழந்தைப் பவுடர் வாசனை எழுந்தது. பிறகு எலும்பு... விரல் கனத்தில், சின்னச் சின்னதாக. அதோடு ஒரு ஜோடி கொலுசு.

கறுக்கவே இல்லை. அதே மாங்காய் வேலைப்பாடு, அதே மூன்று மணி. யோகேஸ்வரி பார்த்ததுமே சொல்லிவிட்டார், அவளுடையதுதான் என்று. ஆனால் அளவு... அது ஐந்து வயதுக் காலுக்கானது இல்லை. யோகேஸ்வரி ஒன்றைத் தன் காலில் மாட்டிப் பார்த்தார். கச்சிதமாகப் பொருந்தியது.

திரும்பும்போது யோகேஸ்வரி எலும்பு மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு காரின் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தார். வழி நெடுக மூட்டையோடுதான் பேசினார். புருஷனிடம் ஒரு வார்த்தை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பெடோங் இடுகாட்டில் அடக்கம். இந்தத் தடவை யோகேஸ்வரியே குழிவரை போனார். கொலுசைக் கடைசியாகச் சசிதரன்தான் வாங்கிக் குழிக்குள் வைத்தார். அப்போது விரலில் பட்டதை அவர் அந்த இருவரிடமும் சொல்லவில்லை. காளிதாசனிடம் மட்டும் சொன்னார்.

கொலுசின் உள்பக்கம் வழவழவென்று தேய்ந்திருந்ததாம்... வருஷக்கணக்காக யாரோ போட்டுக்கொண்டு நடந்த மாதிரி.