உடையாத பூட்டு

— லேப்டாப்பைக் குடுத்துட்டியா? விலிசி அக்கா, திரும்பச் சொல்லு.

— போன்ல கத்தாத, சலோட்டே. தொமாசி வந்து கெரெகெரேன்னு நின்னான். அப்படிக் கேட்டா குடுத்துத்தானே ஆகணும், நம்ம ஊர் வழக்கம். மாமன் மகன் கேட்டு இல்லைன்னு சொல்லிட்டு நான் எந்தத் தீவுல போய் மூஞ்சிய ஒளிச்சுக்கிறது? ரக்பி பாத்துட்டுத் தரேன்னான்.

— புருஷனுக்குப் பயந்து நம்ம வீட்டுல ஒளிஞ்சிருக்குற பொம்பளைங்க விவரமெல்லாம் அதுலதான் இருக்கு!

— பாஸ்வேர்ட் சொல்லலைடீ. சொல்ல மறந்துட்டேன். என் மறதி ஒருநாளாவது உதவட்டும்.

— சரி, போய் வாங்கிட்டு வந்துடு.

— அங்கதான்... திறக்கலையேன்னு கவா குடிக்கிற இடத்துல புலம்பியிருக்கான். கூட இருந்தவன் நான் திறந்து பாக்கறேன், கெரெகெரேன்னு கேட்டு வாங்கிட்டுப் போயிட்டானாம். இவன் எப்படி மறுப்பான்?

— வாங்கினது யாரு?

— இசிகேலி.

— தோரிக்கா புருஷனா? அவ கையை உடைச்சவனா?

— அவ இங்க நல்லா இருக்குற ஒரு கையாலதான் மரவள்ளி உரிச்சிட்டிருக்கா. இன்னும் சொல்லலை.

— ஆஃப் பண்ணித்தானே குடுத்த?

— பண்ணினேன். நீ திட்டித் திட்டிப் பழக்கினதாச்சே.

— அப்ப மூச்சு விடு. உள்ள இருக்குற ஒவ்வொரு எழுத்தையும் கலைச்சுப் பூட்டியிருக்கேன். கழட்டிப் பாத்தாலும் வெறும் கிறுக்கல்தான். பேரன் காலம் வரைக்கும் முட்டினாலும் பூட்டு உடையாது.

— அப்பாடா! நீ நல்லாருப்படீ.

— பாஸ்வேர்ட் வேற யாருக்கும் தெரியாதுல்ல?

— எனக்கே நிக்க மாட்டேங்குது! உன்கிட்ட எத்தனை தடவை வாங்கிக் கட்டிக்கிறது? அதான் குறிப்புப் பெட்டியில எழுதி வெச்சேன். தப்பா அடிச்சா திரையில வருமே, அது.

— பாஸ்வேர்டையே எழுதிட்டியா?

— சீ, அவ்வளவு மக்கா நான்? பாஸ்வேர்ட் இந்த வீட்டு நம்பரும் நம்ம நாய் பேரும். ரெண்டையுமே எழுதலை. எனக்கு ஞாபகம் வர்ற மாதிரி ஒரு வரி, அவ்வளவுதான்.

— என்ன வரி, அக்கா?

— ‘லாமி மெதடிஸ்ட் சர்ச்சுக்குப் பின்னாடி, பச்சை கேட் வீடு, அதோட நம்பர்’னு... சலோட்டே... கேட் பக்கத்துல நாய் குரைக்குதுடீ.